மிரேலாவின் கார்டில் என் பழங்கள்

இந்த நாட்டில் கார் பழுதுபார்க்கிறவர், காரில் கை வைப்பதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுகிறார். தாளில் அச்சடித்தும் கொடுக்கிறார். அதற்கு மேல் ஐந்து பவுண் கூடினாலும் தொலைபேசியில் கூப்பிட்டு, செய்யட்டுமா வேண்டாமா என்று கேட்கிறார். எங்கள் இலங்கையில், ஹட்டனில் ஒரு கராஜ் பாஸ் இப்படி நடந்துகொண்டால், மனுசனுக்கு உடம்புக்கு என்னவோ என்று வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்புவோம். அங்கே முதலில் எஞ்சினைக் கழற்றித் தரையில் பரப்புவார்கள். பிறகு நம் சட்டையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் விலை பிறக்கும். அதனால் மாமாவின் த்ரீவீலரைக் கொண்டுபோகும் நாட்களில் காலர் கிழிந்த ஒரு சட்டையை நான் தனியாக வைத்திருந்தேன். என் வாழ்நாளில் அதிக லாபம் பார்த்துக் கொடுத்த உடுப்பு அதுதான்.

இந்த அனுபவ முதிர்ச்சியோடுதான் மிரேலாவுக்குத் துணையாக கராஜுக்குப் போனேன். மிரேலா ருமேனியாக்காரி, ஐம்பதைத் தாண்டியவள். இங்கிலாந்தின் ஒரு மூலையில் நானும் அவளும் ஒரே ஸ்ட்ரோபெரிப் பண்ணையில் பழம் பறிக்கிறோம். தினமும் அவள் காரில்தான் எனக்குப் போக்குவரத்து. அந்தக் காரின் கிளட்ச் போய்விட்டது. நானூற்று எண்பது பவுண் என்றார் கராஜ்காரர். நான் என் பழைய ஜாக்கெட்டின் கிழிசல் அவருக்குத் தெரியும்படி திரும்பி நின்று, “கடைசி விலை?” என்று கேட்டேன். “ஆமாம், வரியும் சேர்த்துத்தான்,” என்றார் அன்பாக. உடனே மிரேலாவின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். நாலு அடி வைத்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார் என்பது என் கணக்கு. அவரோ முன்னால் ஓடிவந்து எங்களுக்குக் கதவைத் திறந்து பிடித்தார். கொஞ்ச நேரம் மழையில் நின்றுவிட்டு, நாங்களாகவே உள்ளே போய் அதே விலைக்குக் கையெழுத்துப் போட்டோம். “நீ ஊரில் என்ன வேலை செய்தாய்?” என்று மட்டும் கேட்டாள் மிரேலா.

சிரிப்பு அன்றோடு சரி. அந்த வாரமே அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. எங்கள் பண்ணையில் ஆளுக்கொரு கார்ட் உண்டு. தட்டு நிறைந்ததும் தள்ளுவண்டியில் இருக்கிற இயந்திரத்தில் கார்டைக் காட்ட வேண்டும். அது ‘பீப்’ என்று கத்தினால் அந்தத் தட்டு நம் பெயரில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பறித்த அளவுக்குத்தான் சம்பளம். ஒரு வாரம் பழத்தைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். நோய் விடுமுறைக்கு ஏதோ கொடுப்பார்கள்தான், ஆனால் அது கிளட்சுக்குக் காணாது. வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மிரேலா தன் கார்டைத் தள்ளுவண்டியிலேயே தொங்கவிட்டுப் போய்விட்டாள். திருப்பிக் கொடுக்கலாம் என்று அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சத்தியமாக, திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன்.

இந்த இடத்தில் உங்களை மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு அழைத்துப்போக வேண்டும். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் பாரபட்சமில்லாமல் கோட்டைவிட்ட பிறகு, இருபது வயதில், ஏறக்குறைய ஒரு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தேன். செடி வரிசையை நிரை என்போம். நிரைகளில் முப்பது பெண்கள், ஆம்பிளை நான் ஒருவன். சொன்ன கிலோவைக் கொடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். அதாவது அரைநாள் சம்பளம். எனக்கு அரைப்பேர் விழுவதே அதிர்ஷ்டம். பக்கத்து நிரையில் முத்தம்மா அக்கா இரண்டு கையாலும் வாரிக்கொண்டு போவாங்க.

“என்னா தம்பி, கொழுந்து பறிக்கிறீங்களா, இல்ல அதுக்கு முடி வெட்டி விடுறீங்களா? ஒண்ணு ஒண்ணா புடிச்சுப் பாக்குறீங்க!”

நிரை முழுக்கச் சிரிக்கும். ஆனால் நிறுவைக்குப் போகும் நேரத்தில், என் சாக்கில் திடீரென்று ஒரு கனம் விழும். திரும்பிப் பார்த்தால் அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பாங்க. ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், “ரொம்ப நன்றிங்க அக்கா” என்றேன்.

“ஐயோ, வாய மூடுங்க தம்பி! கங்காணி காதுல விழப் போவுது. இன்னைக்கு ஒங்க சாக்கு, நாளைக்கு எங்க சாக்கு. நன்றி சொல்றதெல்லாம் டவுனுல போயி வச்சிக்கங்க.”

அதுதான் அங்கே முறை. காய்ச்சலோ பிள்ளைத்தாய்ச்சியோ, யாருக்குக் கை ஓடவில்லையோ அவர் சாக்கில் மற்றவர்கள் ஆளுக்கொரு கை போடுவார்கள். கேட்டுவிட்டுப் போடக் கூடாது. கேட்டால் அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரும், அல்லது வேண்டும் என்று சொல்ல வேண்டி வரும். இரண்டுமே கூச்சம்.

ஆகவே செவ்வாயிலிருந்து, சம்பளக் கணக்கு முடிகிற வியாழன் வரை, நாளுக்கு ஆறு தட்டு என்று, மிரேலாவின் கார்டை இயந்திரத்தில் காட்டினேன். என் எண்ணிக்கை இறங்கியதைப் பார்த்து, முதுகு வலியா என்று மேற்பார்வையாளர் கேட்டார். அடக்கமாகத் தலையாட்டினேன். அந்த மூன்று நாளும் பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தவர்கள், ஏதோ கோயில் தர்மகர்த்தா போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, புது கிளட்சோடு கார் வந்து நின்றது. மிரேலா ரேடியோ போடவில்லை. காலை வணக்கமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு வந்த இரண்டு தாள்களை என் மடியில் போட்டாள். முதலாவது சம்பளத் தாள். அதில் நோய்க்காலச் சம்பளம் ஒரு வரியிலும், அதே நாட்களில் பறித்த பதினெட்டுத் தட்டுகள் அடுத்த வரியிலும் இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து வரி பிடித்திருந்தார்கள். இரண்டாவது, அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். நோய் விடுமுறைக்காக அவள் ஒரு படிவம் நிரப்பி, ‘இந்த நாட்களில் நான் எந்த வேலையும் செய்யவில்லை’ என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். வேலை செய்துகொண்டே நோய்ச் சம்பளம் வாங்கியிருப்பதாகத் தெரிகிறது, பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வரவும் என்று எழுதியிருந்தது. வேலையிலிருந்து நீக்கப்படலாம் என்ற வரிக்குக் கீழே மிரேலா நகத்தால் கீறியிருந்தாள்.

“யாரோ என் கார்டைத் திருடியிருக்கிறார்கள்,” என்றாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஆங்கிலம்தான்; தமிழில் தருகிறேன். “பதினொரு வருடம் இங்கே வேலை செய்கிறேன். ஒரு பழம் எடுத்து வாயில் போட்டதில்லை. இந்த வயதில் வேறு யார் எனக்கு வேலை தருவார்கள்?”

அந்தக் கார்ட் என் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேரே இருந்தது. வண்டி ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அது ‘பீப்’ என்று கத்திவிடுமோ என்று பயந்தேன். பண்ணைக்கு இருபது நிமிடப் பயணம். நான் சொன்னால் என் வேலை போகும். மனைவியின் விசாவுக்குப் பண்ணையின் கடிதம் வேண்டும், அதுவும் போகும். சொல்லாவிட்டால் இவளுடைய பதினொரு வருடம் போகும். வாயைத் திறந்து திறந்து மூடினேன். மிரேலா திரும்பிப் பார்த்து, “வாந்தி வருகிறதா?” என்று ஜன்னலை இறக்கிவிட்டாள். தர்மகர்த்தா முகத்தை வெளியே நீட்டிக் காற்று வாங்கினார்.

பத்து மணிக்கு அவள் அலுவலகத்துக்குள் போனாள். கண்ணாடிக் கதவு. உள்ளே சம்பளப் பகுதி அதிகாரி ஹெலன் தாளைக் காட்டிக் காட்டிப் பேசுவதும், மிரேலா கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவதும் தெரிந்தது. மூன்றாவது முறை அந்தக் கை மேலே போனபோது, நான் கதவைத் தட்டாமலே உள்ளே போய்க் கார்டை மேசையில் வைத்தேன். “நான்தான்.”

ஹெலன் பேனாவை எடுத்தார். “உங்கள் பங்கு எவ்வளவு?”

“பங்கு இல்லை.”

“அவர் உங்களுக்கு எவ்வளவு தருவதாகப் பேச்சு?”

“அவளுக்கே தெரியாது. எங்கள் ஊரில், தேயிலைத் தோட்டத்தில், ஒருவருக்கு முடியாவிட்டால் அவர் சாக்கில் நாங்கள் கொஞ்சம் போடுவோம்.”

ஹெலன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடு, “இது மதச் சடங்கா?” என்றார்.

ஆமாம் என்றால் தப்பிவிடலாம் போலிருந்தது. எந்த அம்மன் கோயிலிலும் அடுத்தவர் கார்டில் பழம் போடுகிற நேர்த்திக்கடன் கிடையாது என்பது அவருக்கு எங்கே தெரியப் போகிறது? இருந்தாலும் இல்லை என்றேன். காரணம் என்ற கட்டத்துக்குள் அவர் எதுவோ எழுதினார்; வெட்டினார்; மறுபடி எழுதினார். கடைசியில் தீர்ப்பு வந்தது. மிரேலாவின் மேல் தவறில்லை. எனக்குக் கடைசி எச்சரிக்கை. இன்னொரு முறை என்றால் வேலை இல்லை. பதினெட்டுத் தட்டும் என் பெயருக்கு மாற்றப்பட்டு, அடுத்த சம்பளத்தில் சேரும், வரி பிடித்தது போக. கொடுத்த தானத்தை அரசாங்கத்துக்கு வரி கட்டித் திருப்பி வாங்கிக்கொண்ட முதல் மலையகத்தான் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்ததும் மிரேலா கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் நெஞ்சில் இடது கையால் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

“நான் உன்னிடம் கேட்டேனா?”

“கேட்கவில்லை.”

“நீ என்னிடம் கேட்டாயா?”

“எங்கள் ஊரில் கேட்கிறது...”

“உன் ஊர் எனக்குத் தெரியாது! மூன்று நாள் ராத்திரி நான் தூங்கவில்லை. அடுத்த முறை கேள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனாலும் நீ கேள்.”

முத்தம்மா அக்கா யாரையும் இப்படித் தூங்கவிடாமல் செய்ததில்லை. அவங்க கைக்கும் என் சாக்குக்கும் நடுவே படிவமும் இல்லை, யாருடைய கையெழுத்தும் இல்லை. அந்த ஒரு கைக் கொழுந்தை மட்டும் நான் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன். அது விழுகிற இடத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

மறுநாளும் கார் வந்தது. ஆனால் மிரேலா முதலில் கையை நீட்டி, என் பையிலிருக்கும் கார்ட் என்னுடையதுதானா என்று வாங்கிப் பார்த்த பிறகே வண்டியை எடுத்தாள். அன்று அவள் என் பக்கத்து வரிசையில். மணிக்கட்டில் இன்னும் கட்டு. மதியத்துக்குள் எனக்கு எட்டுத் தட்டு, அவளுக்கு நாலு. ஐந்தாவது பாதியில் நின்றது. வலியில் அவள் கையை உதறுவது இலைகளுக்கு இடையில் தெரிந்தது.

“மிரேலா,” என்றேன், “ஒரு கை போடட்டுமா?”

“வேண்டாம்.”

இந்த நாட்டு முறைப்படி ஒழுங்காகத்தான் கேட்டேன். ஆனால் கேட்பதற்கு முன்பே என் வலது கை நிறையப் பழம் பறித்து, எங்கள் இரண்டு வரிசைக்கும் நடுவே நீட்டியிருந்தது. அதை அவள் தட்டில் போட முடியாது. என் தட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர மனம் இல்லை. பின்னால் வந்த மேற்பார்வையாளர் முதுகு வலியா என்று கேட்கும்வரை, கை நீட்டியபடியே நின்றேன்.