உப்பளத்து நாவலாசிரியர் எப்படி இறந்தார்

அந்தச் சீன நாவலாசிரியர் நோயுற்று இறந்தார் என்று தமிழில் எழுதியவன் நான். அது பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. லண்டனில், நோர்பரியில் ஒரு வீட்டு மேல்மாடியில் ஞாயிறுதோறும் கூடுவோம். ஏழெட்டுப் பேர், எல்லோரும் யாழ்ப்பாணத்து இடதுசாரிகள், ஊரில் இருந்த ஓர் ஆயுத இயக்கத்தின் ஆதரவாளர்கள். ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன் என்பதால் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. உப்பளத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பற்றிய அவருடைய நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினேன்.

இருபது வயதில் கட்சியில் சேர்ந்தவர், பழைய அரசின் சிறையில் இருந்துகொண்டே எழுதியவர் என்பதையெல்லாம் முன்னுரையில் ஆசையாக எழுதினேன். புரட்சி வென்ற பிறகு, அப்பாவி விவசாயி ஒருவனைக் கட்சி அதிகாரி தண்டிப்பதாக அவர் ஒரு கதை எழுதினார். அதற்காக அவருடைய தோழர்களே அவரைக் கூட்டத்தில் நிறுத்தி, தன் குற்றங்களைத் தானே எழுதி வாசிக்கவைத்தார்கள். போதாது என்று மறுபடியும் எழுதவைத்தார்கள். கடைசியில் உழைப்பு முகாமில் பட்டினியால் செத்தார். ஆங்கிலப் பதிப்பில் இவ்வளவும் இருந்தது. நான் விட்டுவிட்டேன்.

பிரதி எடுப்பதற்காக எங்களுக்கு ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து தந்தவர் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த ஒரு தோழர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய தமையன் எங்கள் இயக்கத்தின் முகாமில் கேள்வி கேட்டதற்காக இயக்கத்தாலேயே கொல்லப்பட்டவர். எங்கள் குழு வெளியிட்ட செய்தித்தாளில் அதை விபத்து என்று போட்டிருந்தோம். ஏதோ ஒரு சொல்லைச் சரிபார்க்க ஆங்கிலப் புத்தகத்தை இரவல் வாங்கிப் போனவர், முழுவதையும் வாசித்துவிட்டு வந்தார்.

“என்ன வருத்தம் அண்ணை அந்த மனுசனுக்கு? காய்ச்சலோ, வயித்தோட்டமோ?”

“இப்ப அதை எழுதினா எதிரிக்கு வாய்ப்பாப் போயிடும், தம்பி.”

“சீனாவில செத்தவருக்கு நோர்பரியில ஆர் எதிரி?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணன் லொறி பிரண்டு செத்தவன் எண்டுதான் அம்மா இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறா. சொந்த ஆக்களே கொல்லுவாங்கள் எண்டு அச்சில ஒருக்கா வரட்டும். புத்தகத்தை அனுப்பிப்போட்டு மிச்சத்தை நான் அவவுக்கு எழுதுறன். வெறுங்கையோட சொல்ல எனக்கு ஏலாது.”

நோயால் இறந்தார் என்று நான் எழுதிய அந்த முன்னுரைப் பக்கத்தைத் தட்டமாட்டேன் என்றும் சொன்னார். நான் அதைக் குழுவுக்குக் கொண்டுபோனேன்.

எங்களிடம் சுயவிமர்சனம் என்ற ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து நின்று தன் தவறுகளை எழுதி வாசிக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவரை நிற்கவைத்தோம். தலைமை நான். ‘தனிப்பட்ட துயரத்தைக் கொள்கைக்கு மேலாக வைத்தேன்’ என்ற வரி அவருடையது அல்ல. அவர் எழுதிவந்தது போதாது என்று சொல்லி நான் சேர்த்துக் கொடுத்தது. வானொலிச் செய்தி போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். கீழே வடை பொரிக்கும் மணம் வந்துகொண்டிருந்தது.

“தோழர், கொஞ்சம் உணர்ச்சியோட வாசியும்” என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

லண்டனில் அவருக்கு எங்களைத் தவிர வேறு மனிதர் இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அவர் பணிவார் என்று நம்பினேன். பணிந்தார். தட்டச்சுத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அந்தப் பக்கத்தையும் அவரே தட்டினார், செய்தித்தாளுக்காகத் தன் சுயவிமர்சனத்தையும் அவரே தட்டினார். இரண்டிலும் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அதன்பின் அவர் வரவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் சென்றன. அதற்குள் இயக்கம் இல்லை, குழுவும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஹவுன்ஸ்லோவில் அவர் இருக்கும் வீட்டைத் தேடிப் போனேன். அவருக்கு விமான நிலையத்தில் வேலை. மனைவி தேத்தண்ணீர் தந்துவிட்டு உள்ளே போனார்.

“அம்மா எப்படி?” என்று கேட்டேன்.

“போன மாசியில கண்ணை மூடிட்டா. கடைசிவரைக்கும் லொறிதான் அண்ணை.”

சட்டைப் பையில் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன், எந்த வரி என்னுடையது என்றெல்லாம். வாய் வராததால் அதை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். முதற்பக்கம் முடிவதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

“அண்ணை, எழும்பி நிண்டெல்லோ வாசிக்கவேணும்?”

நான் உண்மையாகவே எழுந்தேன். அவர் முகம் மாறியது.

“இருங்கோ, இருங்கோ. உதெல்லாம் குழுவுக்கு வாசிக்கிறது. எனக்கேன்?”

“குழுவில இப்ப ஆரும் இல்லை.”

“ஓம்” என்றார். “எனக்கும் ரெண்டு மணிக்கு ஷிப்ட்.”

சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் இடம்வரை என்னுடன் நடந்துவந்தார். வழியெல்லாம் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்.