முப்பது முட்டைகளோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு

காலை ஏழே முக்காலுக்குச் சேத்தூரில் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு, கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று நினைப்பு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனாலும் கண்டக்டரிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிவிடுவேன். சும்மா ஏறினவள் என்று ஒருத்தரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.

எட்டேகாலுக்கு ராஜபாளையம். டீ பதினைந்து ரூபாய், வடை எட்டு ரூபாய். வடை நன்றாக இருந்தது, டீயில் சீனி அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸின் பலகையை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அது கிளம்பிப் போய்விட்டது. அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறியதால்தான் பேச்சியம்மாளைப் பார்த்தேன்.

எட்டு நாற்பது. முன் வாசலுக்குப் பக்கத்து சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் அட்டை நிறைய முட்டை, முப்பது இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டாள்.

“ஆச்சி, நீங்க சன்னல் பக்கம் போயிருங்க. நான் வாசப்பக்கம் இருந்துக்கிடுதேன்.”

என் வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் பேச்சுப் பழக்கமாகிவிட்டது. பெயர் பேச்சியம்மாள். இதே ரோட்டில் உள்ள ஒரு நூல் மில்லில், பெண்கள் தங்கும் ஆஸ்டலுக்கு அவள்தான் கேட் வாட்ச்மேன். அன்றைக்கு அவளுக்கு லீவு. ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி நடத்துகிற மெஸ்ஸுக்கு முட்டை கொண்டுபோகிறாள்.

“பொம்பள வாட்ச்மேனா? கம்பு கிம்பு வச்சிருக்கியா?” என்று கேட்டேன்.

“குடுத்திருக்காக ஆச்சி. கதவுக்குப் பின்னால நிக்கி. கரையான் அரிக்காம இருக்கான்னு மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாப்பேன்.”

இடது பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் ஒரு சத்தம்.

“ஏட்டி! கேட்டுக்காரி! நீதான?”

முப்பது வயதுக்காரன். பின்னாலிருந்து வந்திருக்கிறான். காலையிலேயே சாராய வாடை. “நேத்து சாயங்காலம் அம்புட்டுப் பேரு முன்னால என்னைய வாசல்லயே நிப்பாட்டுனல்ல? என் பொண்டாட்டிய நான் பாக்கதுக்கு உங்கிட்ட அனுமதி வாங்கணுமாட்டி?”

கை ஓங்கவில்லை, ஆனால் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் என் தொண்டைக்கு அடங்காத ஆள் கிடையாது.

“ஏலே, யாரு பெத்த பிள்ளைலே நீ? பொம்பளகிட்ட வந்தா வீரத்தக் காட்டுத?” என்று சத்தம் போட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் எவனும் தலையைக் குனிவான். அவன் அப்பனைத் தெரிந்தவர்கள் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். பஸ்ஸில் அவன் யார் என்று யாருக்குத் தெரியும்? மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான். அவன் முகம் கறுத்தது. கை கம்பியிலிருந்து இறங்கியது.

பேச்சியம்மாள் என் முழங்காலை ஒரு அழுத்து அழுத்தினாள். ‘வாயை மூடு’ என்பதை அவ்வளவு மரியாதையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பிறகு அவனை நிமிர்ந்து பார்த்து, அவன் சத்தத்தில் பாதிகூட இல்லாத குரலில் பேசினாள்.

“நேத்து உங்கள நிக்க வச்சுட்டேன். அம்புட்டுப் பேரும் பாத்தாக. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியுது.”

“தெரியுதுல்ல? பொறவு எதுக்கு?”

“பேசலாம். மொதல்ல இப்படி உக்காருங்க. பஸ்ஸு தூக்கிப் போடுது.”

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். பொம்பளை சீட் என்று அவன் தயங்கினான். “ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக, உக்காருங்க” என்றாள். உட்கார்ந்தான். உட்கார்ந்த அந்த நொடியில் முட்டை அட்டையை அவன் மடியில் வைத்தாள்.

“செத்த நேரம் பிடிங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க.”

நம் டவுன் பஸ்களில் இது பழக்கம்தானே. நிற்கிறவர் பையையோ பிள்ளையையோ நீட்டினால், உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். யார் எவர் என்று கேட்பதில்லை. மறுத்தவரை நான் பார்த்ததே கிடையாது. அவனும் வாங்கிக்கொண்டான். பேச்சியம்மாள் நகர்ந்து படிக்கட்டு ஓரமாக, கண்டக்டருக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டாள். அடிக்க வந்தவன் இரண்டு கையிலும் முட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியது. அவன் அட்டையை நெஞ்சோடு தூக்கிப் பிடித்தான். பின்னாலிருந்து ஒருத்தர், “அண்ணே, பாத்து! குஞ்சு பொரிச்சிறாம!” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவன் கழுத்து விடைத்தது.

“நீங்க வந்து பிடிக்கேளா? அவரு எனக்கு ஒத்தாச பண்ணுதாரு” என்று பேச்சியம்மாள் பின்பக்கம் பார்த்துச் சொன்னாள். சிரிப்பு நின்றது. அவன் கழுத்தும் தணிந்தது.

கொஞ்ச நேரம் போனதும் அவனே ஆரம்பித்தான். “எத்தன நாளாச்சு அவ முகத்தப் பாத்து. எந்த ரூம்ல இருக்கா? அத மட்டும் சொல்லுக்கா.”

அக்கா என்றான்! ஆனால் அவள் அதில் மயங்கவில்லை.

“அத நான் சொல்ல மாட்டேன். அடி தாங்காம வந்த பிள்ள அது. வரணும்னு அதுவா சொன்னா கேட்ட நானே தொறப்பேன். இல்லைன்னா முதலாளியே வந்து கேட்டாலும் இதே பதில்தான்.”

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவன் முட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒன்பது பத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். பன்னிரண்டு கிலோமீட்டர்தான், எனக்கு மதுரை வரைக்கும் போய்வந்த மாதிரி இருந்தது. அவள் முதலில் இறங்கி, ஆள் நடமாட்டம் உள்ள கடை வாசலில் நின்றுகொண்டாள். அவன் அட்டையைத் தூக்கிவந்து கொடுத்தான். ஒன்றுகூட உடையவில்லை.

“ஞாயித்துக்கிழம மத்தியானம் பாக்க விடுவாக. குடிக்காம, உங்க அம்மாவக் கூட்டிட்டு வாங்க. நான் அதுகிட்ட கேட்டு வைக்கேன்” என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

“அடக்கிப்புட்டியே தாயி!” என்றேன்.

“இந்த அரை மணி நேரத்துக்குத்தான் ஆச்சி. அங்க பாருங்க.”

அவன் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் முட்டைகளைக் கடைப் படியில் வைத்தாள். அன்றைக்கு மில் கேட்டில் நின்றவளுக்கு உடனே போன் போட்டாள்.

“அவரு திரும்பி அங்கதான் வாராரு. ஸ்டேஷனுக்கு ஒரு போனப் போடு. பிள்ளைய மெஷினை விட்டு வெளிய கூப்பிடாத, இப்ப ஒண்ணும் சொல்லவும் வேணாம். கேட்டப் பூட்டிட்டு வெளிய ஒரு சேரப் போடு. தண்ணி குடு, உக்கார வையி. கம்ப மட்டும் எடுத்துறாத.”

“முட்டைய உன் மூஞ்சில எறிஞ்சிருந்தா?” என்று கேட்டேன்.

“எறியதுக்கு அவரு எந்திரிக்கணும்ல? அதுக்குள்ள நான் டிரைவர் பக்கம் போயிருப்பேன். எறங்கதுக்கு வழி பாக்காம நான் வாயத் தொறக்கதில்ல.” பிறகு தலைமுடியை ஒதுக்கிக் காதோரம் ஒரு தையல் தழும்பைக் காட்டினாள். “ஒருக்கா பாக்காம விட்டுட்டேன்.”

அவள் தங்கச்சி மெஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. நானும் கோயிலுக்குப் போகவில்லை. போன் வரும்வரை இருவரும் அந்தக் கடை வாசலிலேயே நின்றோம். பத்து மணிக்கு வந்தது. அவன் போனானாம். சேரில் உட்கார்ந்தானாம். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தானாம். போலீஸ் வண்டி வந்ததும் எழுந்து, அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நடந்துவிட்டானாம். அதன் பிறகுதான் அவள் முட்டைகளைத் தூக்கினாள்.

ஆண்டாளைக் கும்பிட்டேன். பால்கோவா கால் கிலோ நூறு ரூபாய். பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ்.

சேத்தூரில் தைரியம் என்றால் தொண்டை. நான் அதில் பெயர் வாங்கினவள், அந்தப் பெருமையை இன்றைக்கும் விடவில்லை. ஆனால் பேச்சியம்மாள் அன்று காட்டியதற்கு எங்கள் ஊரில் இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் போட்ட சத்தம் அவனை அவள்மேல் தள்ளியது. அவள் கொடுத்த இடம் அவனை உட்கார வைத்தது.

பாதி வழியில் அந்த மில் வந்தது. உயரமான சுவர், பூட்டிய கேட். வெளியே நீலப் பிளாஸ்டிக் சேர் ஒன்று காலியாகக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடுகிற சத்தம், ரோடு வரைக்கும் கேட்டது.