நாற்பது கட்டத்தில் உருகிய மெழுகு

மெழுகு உருகுவதைக் கணக்கில் எழுத எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, உள்ளே கெட்டி மெழுகு, ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் சூடு. அந்தப் பக்கம் உருகியது மேலே ஏறி, மேற்பரப்போடு ஓடி, எதிரே இருக்கும் மெழுகின் தலையை முதலில் கரைக்கும். கெட்டிக்கும் திரவத்துக்கும் நடுவிலுள்ள கோடு ஒவ்வொரு நிமிடமும் எங்கே நிற்கும் என்று என் புரோகிராம் சொல்ல வேண்டும். அதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

பெட்டியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு என்று சமன்பாடு போடுவோம். நான் அகலத்தில் நாற்பது, உயரத்தில் நாற்பது எனப் பிரித்திருந்தேன். வேறோர் ஊர் ஆய்வகத்தில் நிஜ மெழுகை உருக்கி எடுத்த படங்களின்மேல் என் கோட்டை வைத்தால் அச்சு அசலாகப் பொருந்தியது. கைடு சார் பூரித்துப்போனார். எங்கள் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! தீசிஸ் கொடுக்க ஒரு மாதம் இருக்கும்போது எண்பதுக்கு எண்பது போட்டு ஓடவிட்டேன். கட்டம் சிறிதானால் விடை இன்னும் சரியாக வரவேண்டும். ஒன்பது நாள் ஓடியது. ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்த ஏ.சி. கம்ப்யூட்டர் அறையில், கரண்ட் போய்விடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தேன். பத்தாம் நாள் காலை பார்த்தால், கோடு நிஜ மெழுகை விட்டுவிட்டு வெகுதூரம் முன்னால் போயிருந்தது.

காரணம் இரண்டு நாளில் புரிந்துவிட்டது. பெட்டிச் சுவர் வழியாக வெளியே போகும் வெப்பத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதனால் என் கணக்கில் மெழுகு வேகமாக உருகியிருக்க வேண்டும். ஆனால் பெரிய கட்டங்கள் ஓட்டத்தை மழுங்கடித்து, உருகுவதைத் தாமதப்படுத்தின. ஒரு தப்பு இன்னொரு தப்பை மூடியிருந்தது. சரிசெய்வதென்றால் எல்லாவற்றையும் திரும்ப ஓட்டவேண்டும், குறைந்தது ஒரு வருடம். கட்டுரை தப்பு என்று சாரிடம் சொல்லவும் வேண்டும்.

முதலியார்பேட்டை வீட்டில் அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். வேலை பார்த்த மில் மூடியபிறகு தட்டாஞ்சாவடியில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மாதான் சோறு போடும்போதெல்லாம், "இன்னுமாடி அந்த மெழுகு உருகல?" என்பாள். கடலூர் சாலையில் ஒரு கல்லூரியில், ஜூனுக்குள் பட்டம் வந்தால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எண்பதின் விடையை யாருக்கும் காட்டாமல் அழித்தேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் கேட்டார்: "கட்டத்தைச் சின்னதாக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

என்ன வந்தது என்று அவர் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். சார் கண் கலங்கியிருந்தார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வேலை கிடைத்தது. கட்டத்தைச் சின்னதாக்கிச் சரிபாருங்கள் என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் நானே சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பாடம் வரும் வாரம் முழுக்க வீட்டில் எல்லார்மேலும் எரிந்துவிழுவேன்.

மூன்றாம் வருடம் ஒருநாள் மதியம், எனக்குப் பிறகு சாரிடம் சேர்ந்திருந்த ஒரு மாணவி ஃபோன் செய்தாள்.

"மேடம், உங்க புரோகிராமத்தான் சார் எனக்குக் குடுத்திருக்காரு. நாப்பதுல பொருந்துது, எண்பது போட்டா கோடு ஓடிப்போவுது. ரெண்டு வருசமா தப்பத் தேடுறேன். அவங்களுக்கு வந்துச்சே, உனக்கு ஏன் வரலன்னு கேக்குறாரு. எனக்கு மூளை இல்லன்னே முடிவு பண்ணிட்டேன். இந்த மாசத்தோட நின்னுடலாம்னு இருக்கேன்."

அடிப்பாவி, இரண்டு வருடமா!

"நீ எந்தத் தப்பும் பண்ணலம்மா. தப்பு என்னுது."

எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இதப் போய்ச் சொன்னா சார் என்னத்தான் திட்டுவாரு. பேசாம நானும் நாப்பதே போட்டுடட்டா மேடம்?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை.

"சார் இருக்காரா?"

"ரூம்லதான் இருக்காரு."

"போயி ஃபோன அவருகிட்ட குடு."

"இப்பவா மேடம்?"

"இப்பவே. அப்புறம்னா எனக்கு தைரியம் போயிடும்."

செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறப்பது கேட்டது. பிறகு சாரின் குரல். இடையில் நிறுத்தினால் அப்படியே நின்றுவிடுவேன் என்று பயந்து ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"இது உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"வைவாவுக்கு முந்தியே தெரியும் சார்."

அவர் ஃபோனைக் கட் பண்ணவில்லை. மறுமுனையில், நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் அவர், "உக்காரும்மா" என்று சொல்வது எனக்குக் கேட்டது.