கழுத்தில் தொங்கும் அரைஞாண்

என் கம்பெனி அடையாள அட்டை ஒரு கறுப்புக் கயிற்றில் தொங்குகிறது. கம்பெனி கொடுத்த நீல நாடா இல்லை. நம் ஊரில் ஆண்பிள்ளைகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் அரைஞாண் கயிறு, அதுவேதான். கேட்டில் நிற்கும் நேபாளத்து வாட்ச்மேனுக்கு இது வெறும் கயிறு. அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பிவிடுவார். புதிதாக விசாவில் வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்கள்தான் திகைத்துப்போவார்கள். இடுப்பில் இருக்க வேண்டியது ஃபோர்மேனான என் கழுத்தில் தொங்கினால் சிரிப்பு வரத்தானே செய்யும்? முதல் நாள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இரண்டாம் நாள் எவனாவது ஒருவன் தைரியமாகக் கேட்டுவிடுவான்: “அண்ணே, இத கழுத்துலயா மாட்டுவாக?” நான் கோபித்துக்கொள்வதில்லை. கேட்கட்டும் என்றுதான் மாட்டியிருக்கிறேன்.

அந்தக் கயிற்றை வாங்கிக் கொடுத்தது என் மச்சான். மச்சான் என்றால் உறவு ஒன்றும் இல்லை. அவன் புதுக்கோட்டைப் பக்கம், நான் சிவகங்கைப் பக்கம். அமீரகத்தின் புஜைராவில், தொழிலாளர் கேம்பில் எனக்குக் கீழ்க்கட்டில், அவனுக்கு மேல்கட்டில். வந்த முதல் வாரமே “ஒன் தங்கச்சியக் கட்டிக்கிறேன், அந்தக் கீழ்க்கட்டில எனக்குக் குடு” என்று வம்பிழுத்தான். எனக்குத் தங்கையே கிடையாது என்றேன். அவனுக்கோ ஊரில் மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். ஆனாலும் அன்றிலிருந்து நான் அவனுக்கு மாப்பிள்ளை, அவன் எனக்கு மச்சான். சரியான வாயாடி. ரொட்டி காய்ந்திருந்தால் சமையல்காரரிடம் சண்டை, ஏசி கூடினால் அறையில் சண்டை, குறைந்தால் அதற்கும் சண்டை. அவனோடு பேசாமல் ஒரு நாள் இருந்தால் எனக்குத்தான் சோறு இறங்காது.

எங்களுக்கு மலைகளுக்கு நடுவே இருந்த பேரீச்சந்தோப்புகளில் வேலை. அரபிகளின் தோட்டங்களைப் பராமரிக்கும் கம்பெனி அது. குளிர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில் ஆண்மரத்துப் பூவை வெட்டி, பெண்மரத்துப் பாளைக்குள் செருகிக் கட்ட வேண்டும். அதற்கு முன்னால் முள்ளைக் கழிக்க வேண்டும். இடுப்பைச் சுற்றி ஏறும் கயிற்றைப் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மரம் ஏறுவோம். முள்கூடப் பழகிப்போயிற்று. பழகாதது உண்ணி. பக்கத்துக் குன்றுகளில் மேயும் ஆடுகளும் ஒட்டகங்களும் நண்பகலில் தோப்பு நிழலுக்கு வந்து படுக்கும். எழுந்து போகும்போது உண்ணியை மணலில் விட்டுவிட்டுப் போகும். எங்கள் ஊரில் உண்ணி மாட்டோடு வந்து மாட்டோடு போய்விடும். மனிதனை ஏறெடுத்தும் பார்க்காது. இங்கே உள்ளது வேறு சாதி. பழைய பெட்டி அட்டையைக் கீழே விரித்துச் சாப்பிட உட்கார்ந்தால், மணலிலிருந்து வரிக்கால்களோடு வெளிப்பட்டு, நம்மைக் குறிவைத்து ஓடி வரும். நிஜமாகவே ஓடும். முதன்முதலாகப் பார்த்த அன்று சாப்பாட்டுத் தூக்கைப் போட்டுவிட்டு நான் எழுந்து ஓடினேன். மச்சான் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அந்தப் பருவம் தொடங்கும்போது கம்பெனி சேஃப்டி ஆபீசர் எங்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் காட்டினார். உண்ணியை விரலால் நசுக்கக் கூடாது, நெருப்பால் சுடக் கூடாது, சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், இதில் வரும் காய்ச்சலில் ஆளே போய்விடலாம் என்றெல்லாம் இந்தியில் சொன்னார். கடைசியாக ஒரு சட்டம் போட்டார். தினமும் டூட்டி முடிந்ததும், குளிப்பதற்கு முன், இரண்டிரண்டு பேராக நின்று ஒருவர் உடம்பை ஒருவர் பார்க்க வேண்டும். காது மடல், அக்குள், முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால் மடிப்பு. பார்த்து முடித்ததும் ஃபோர்மேனிடம் “கிளியர்” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்போதைய ஃபோர்மேன் பெஷாவர்க்காரர். “ஜல்தி பாய், யல்லா யல்லா” என்று விரட்டிக்கொண்டே இருப்பார். நானும் மச்சானும் ஜோடி. முதல் நாள் அவன் கூச்சத்தில் நெளிந்தான். “பொண்ணு பாக்க வந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்டா மாப்ள” என்றான். சிரித்துச் சிரித்தே பழகிவிட்டோம்.

ஓரிடத்தை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. இருவர் இடுப்பிலும் அரைஞாண் இருந்தது. அடுத்தவன் அரைஞாணில் கை வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. அது அவன் பிறந்து தொட்டிலில் கிடந்தபோது பெற்றவள் கட்டியதன் தொடர்ச்சி. பழையது நைந்துபோனால் புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்பார்கள். ஒரு கணம்கூட இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. செத்தவனுக்குத்தான் அறுப்பார்கள். இதை யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை; தெரியும், அவ்வளவுதான். ஆகவே கயிறு கிடந்த இடத்துக்கு மேலும் கீழும் பார்த்துவிட்டு, கயிற்றைத் தூக்காமல், “கிளியர்” என்று கத்திவிடுவேன். அவனும் கத்துவான். அரபிக்கோ சேஃப்டி ஆபீசருக்கோ இப்படி ஒரு கயிறு இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தால் படத்தில் அதையும் போட்டிருப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை மச்சானுக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, முதுகுவலி, வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்றான். நானே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுப்பானவர், தோட்ட வேலை என்றதும் முதல் கேள்வியே உண்ணி கடித்ததா என்பதுதான். மச்சான் என்னைப் பார்த்தான். நான் நெஞ்சை நிமிர்த்தி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “நோ டாக்டர், டெய்லி செக்கிங், ஐ ஒன்லி செக்கிங், கிளியர்” என்றேன். அவர் இன்னொரு முறையும் கேட்டார். இன்னொரு முறையும் சொன்னேன். சளிக்காய்ச்சலாக இருக்கலாம், கூடினால் உடனே திரும்ப வாருங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது அவன் ஈறிலிருந்து ரத்தம் வந்தது, நிற்கவில்லை. கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நோயாளிக்கு நீ என்ன உறவு என்று கேட்டார்கள். மனைவியின் சகோதரன் என்று கூசாமல் சொன்னேன். அங்கே ஒரு மலையாளி நர்ஸ், முகமூடியும் நீளக் கவுனும் மாட்டிக்கொண்டு, அவன் உடுப்பு முழுவதையும் களையச் சொன்னார். கயிற்றைப் பார்த்ததும் அவர் கை நின்றது. “இது அரஞ்ஞாணம் அல்லே? இதின்டெ அடியில நோக்கியோ?” என்று கேட்டார். பார்க்கவில்லை என்று தலையாட்டினேன். அவர் கயிற்றை லேசாக நகர்த்தினார். முதுகுப்பக்கம், ஏறும் கயிறு அழுத்திக் காய்த்துப்போன இடத்தில், அரைஞாண் முடிச்சுக்கு அடியில், ஓர் உண்ணி ஆமணக்கு விதை அளவுக்கு ஊதிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வேர்க்குரு என்று நினைத்து நான்கைந்து நாளாகச் சொறிந்துகொண்டிருந்தானாம்.

முடிச்சு உண்ணியோடு சேர்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. கயிற்றை அறுத்தால்தான் சாமணம் வைக்க முடியும் என்றார் டாக்டர். கத்தரிக்கோலைப் பார்த்ததுதான் தாமதம், அதுவரை கண்ணைத் திறக்காமல் கிடந்தவன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். “அறுக்காதீக. எங்கப்பாவுக்குச் சுடுகாட்டுல அறுத்தாங்க, நான் பக்கத்துல நின்னேன். உசுரோட அறுக்காதீக.” பிடித்த பிடியை நான்கு பேரால் விலக்க முடியவில்லை. முரட்டுத்தனமாக இழுத்தால் உண்ணி நசுங்கும், ரத்தம் தெறிக்கும் என்று டாக்டர் தடுத்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவன் உயிர் அந்த முடிச்சில் மாட்டிக்கொண்டிருப்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அவனை எப்படிச் சம்மதிக்கவைப்பது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கே கறுப்புக் கயிற்றுக்கு எங்கே போவேன்? கழுத்திலிருந்த கம்பெனி நாடாவைக் கழற்றி, அட்டையைப் பிடுங்கி எடுத்துவிட்டு, நாடாவை நீட்டினேன். “மச்சான், புதுசு கட்டிட்டுத்தான் பழசு எடுக்கப் போறோம். இந்தா, கயிறு இருக்குடா. இடுப்பு வெறுமையா இருக்காது.” அவன் நாடாவைப் பார்த்தான். “நீலத்துலயா?” என்றான். சாகக் கிடக்கும்போதும் அவனுக்கு நிறத்தில் குறை. “நீலந்தான்டா, கைய எடு” என்று அதட்டினேன். எடுத்தான். நான் தொடப் போனதை நர்ஸ் தடுத்து, “நிங்கள் தொடண்டா, ஞான் கெட்டாம்” என்று சொல்லி, நாடாவை அவன் இடுப்பில் சற்று மேலே கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, அவன் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினார். அதன் பிறகுதான் பழையதை அறுத்தார். உண்ணி ஒரு குப்பிக்குள் போயிற்று, கயிறு ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் பைக்குள் போயிற்று. அந்த நர்ஸின் கண்களைத் தவிர முகம் எனக்குத் தெரியாது. ஆனால் இன்றும் சாமி கும்பிடும்போது அவர் நினைவு வந்துவிடும்.

ரத்தம் கசிய வைக்கும் காய்ச்சல்தான் என்று சோதனையில் தெரிந்தது. அவனைத் தனியறையில் வைத்தார்கள். அவனோடு இருந்ததால் என்னையும் கேம்பில் ஒரு தனியறையில் அடைத்து, காலையும் மாலையும் சூடு பார்த்தார்கள். அந்த நாட்களில் அவன் மனைவி ஃபோன் செய்துகொண்டே இருந்தார். “அண்ணே, நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல, அதான் எனக்குத் தைரியம்” என்பார். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் என்னை அறுக்கும். காய்ச்சல் இல்லை என்று என்னை வெளியே விட்ட அன்று நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பாதி ஆளாகக் கட்டிலில் சாய்ந்திருந்தான். ஃபோனில் அவனைக் கூப்பிட்டேன். ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மறந்துபோய், “மச்சான், நான் ஒன் கயித்துக்கு அடியில ஒரு நாளும் பாக்கலடா. பாக்காமத்தான் கிளியர்னு சொன்னேன். டாக்டர்கிட்டயும் சொன்னேன்” என்று அழுதுவிட்டேன். அவன் ஃபோனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டான். பிறகு சொன்னான்: “எனக்குத் தெரியும்டா. நானும் ஒன்னோடத பாக்கல. எனக்குக் கடிச்சிருச்சு, ஒனக்குக் கடிக்கல. அம்புட்டுதான் வித்தியாசம். போயி மொதல்ல ஒன் கயித்தத் தூக்கிப் பாருடா கூமுட்ட.” ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குப் போய்த் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து சொன்ன பிறகுதான் அவன் கண்ணை மூடித் தூங்கினான்.

பிழைத்துக்கொண்டான். கம்பெனி லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பியது. ஊருக்குப் போனவன், கலாஸ், இனி வரவில்லை என்று சொல்லிவிட்டான். கிளம்பும் முன் தமிழ்க் கடையில் ஒரு அரைஞாண் கயிறு வாங்கி வந்து என் அட்டையில் கோத்து, “ஒன் நாடா எங்கிட்ட இருக்கு, எங்கயிறு ஒங்கிட்ட இருக்கட்டும்” என்று கழுத்தில் மாட்டிவிட்டான். அறந்தாங்கியில் இப்போது டீக்கடை வைத்திருக்கிறான். வீடியோவில் வரும்போது சட்டையைத் தூக்கிக் காட்டுவான். கம்பெனி பெயர் அழிந்துபோன நீல நாடா இன்னும் இடுப்பில் இருக்கிறது. மகள் தலையில் அடித்துக்கொண்டு ஓடுவாள்.

இப்போது நான் ஃபோர்மேன். யாரையும் “ஜல்தி” என்று விரட்டுவதில்லை. தினமும் முதல் ஆளாக நான்தான் நிற்கிறேன். அட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி, என் அரைஞாணை நானே விரலால் தூக்கிப் பிடிப்பேன். சென்ற வாரம் புதிதாக வந்த கமுதிக்காரருக்கு என் உடம்பைப் பார்க்கும் முறை. காதைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், இடுப்புக்கு வந்ததும் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கிளியர்ண்ணே” என்றார். நான் கயிற்றை விடவில்லை. “பாத்துட்டுச் சொல்லுங்க தம்பி, காத்திருக்கேன்” என்றேன். அவர் குனிந்தார். விரல் கயிற்றுக்கு அடியில் புகுந்து, முதுகுப்பக்க முடிச்சு வரை ஒரு சுற்று மெதுவாக வந்து நின்றது. “இப்பப் பாத்துட்டேன்ண்ணே” என்றார். மரத்திலிருந்து மச்சானின் கயிற்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.