இரண்டாவது ஸ்லாட்

கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேமிங் கம்ப்யூட்டரா, தம்பிக்குங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன், எனக்குன்னா குடுக்க மாட்டீங்களா?" என்றேன். பக்கத்தில் நின்ற என் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அப்போது நாங்கள் இருவரும் காக்களூர் தொழிற்பேட்டையில் ஆளுக்கொரு கம்பெனியில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே நாளில் லீவு அமைவதே அபூர்வம். அப்படி அமைந்த ஒரு நாளில் திருவள்ளூரில் ரயிலேறி, சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

தம்பிக்கு எல்லாமே அன்றைக்கே வேண்டும். கண்ணாடி வைத்த பெட்டி, உள்ளே கலர் கலராக எரிகிற ஃபேன், செங்கல் கனத்தில் கிராபிக்ஸ் கார்டு. நான் விடவில்லை. படம் காட்டும் வேலையையும் தானே செய்துகொள்கிற ப்ராசசர் இருக்கும்போது கார்டுக்கு இப்போது என்ன அவசரம்? ஆனால் பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, நாளைக்கு வரப்போகிற கார்டுக்கும் சேர்த்து இன்றைக்கே பெரியதாக வாங்கிவிட வேண்டும் என்றேன். மதர்போர்டும் அப்படித்தான். பின்னால் இதைவிட நல்ல ப்ராசசர் கிடைத்தால் மாட்டிக்கொள்ள முடிகிற போர்டாகப் பார்த்து எடுத்தோம். ராம் என்கிற மெமரிப் பட்டையைச் செருகுவதற்கு அதில் இரண்டு ஸ்லாட் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் வாங்கினோம்.

"இன்னொன்னு காலியாவே கெடக்குமாக்கா?"

"கெடக்கட்டும். அது என் பங்கு. நான் வாங்கி, என் கையால போடுவேன். நீ அதுல கை வச்சே, தோல உரிச்சிடுவேன்."

சும்மா சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். வீட்டில் எதைப் பேசினாலும் "அவ போனப்பறம்" என்றே ஆரம்பித்தார்கள். அவ போனப்பறம் கட்டிலைத் திருப்பிப் போடலாம், அவ போனப்பறம் பீரோவை இந்தப் பக்கம் நகர்த்தலாம். கேட்கக் கேட்க எனக்கு வயிறெரிந்தது. நான் போன பிறகும் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு வேலை பாக்கி இருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காலி ஸ்லாட்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெட்டியைத் திறந்து காட்டியதும் நைனா முகத்தைச் சுளித்தார்.

"காசு குடுத்து வாங்கிக்கினு வந்து பாதிய காலியா வுட்டு வச்சிக்கிறீங்களே?"

"நீ மாடி கட்றதுக்குத் தூண்ல கம்பி வுட்டு வச்சிக்கிறியே நைனா, அது மாதிரி."

வாசலுக்குப் போய் மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "அப்போ சரி. துரு புடிக்காம பாத்துக்கங்க," என்றார். நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஒரே கீபோர்டில் ஆளுக்கொரு பக்கம் கை வைத்துக்கொண்டு கார் ரேஸ் ஓட்டுவோம். திரை நடுவில் இரண்டாகப் பிரியும். மேலே என் கார், கீழே அவன் கார். தோற்கப்போகிறான் என்றால் முழங்கையால் இடுப்பில் இடிப்பான், திருட்டுப் பயல். அம்மா நாஷ்டா தட்டோடு வந்து நின்று திட்டுவார். "சோழவரம் ரேஸ்ல நெஜ காரே ஓடுச்சி, அத்தப் பாக்கவே நான் இம்மாம் நேரம் நின்னதில்ல," என்று நைனா அலுத்துக்கொள்வார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்த இடுப்பு இடிதான் முதலில் ஞாபகம் வருகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் வந்த ஆயுதபூஜையில்தான் அம்மா அந்தக் காரியத்தைச் செய்தார். அம்மாவும் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவர். தொழிற்பேட்டையில் பூஜையன்று பொட்டு வைக்காமல் ஒரு மிஷினையும் விடமாட்டார்கள். புது மிஷின் வரப்போகிறது என்றால், அதற்குப் போட்ட வெறும் சிமெண்டு மேடைக்குக்கூட வைப்பார்கள். தூசி தட்டுவதற்காகக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தோம். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா ஃபேனுக்கும் ப்ராசசர் மூடிக்கும் சந்தனமும் குங்குமமும் தொட்டு வைத்துவிட்டு, காலி ஸ்லாட்டின் மேலும் விரலை அழுத்திக்கொண்டிருந்தார்.

"ஐயோ! இன்னாம்மா பண்ற!"

"கத்தாதடி. இங்க ஒன்னு வரப்போதுன்னு நீதானே சொன்ன? வரப்போறதுக்கும் சேத்து வச்சேன்."

பஞ்சால் துடைத்தேன். குங்குமம் மேலோடு வந்தது. உள்ளே இறங்கின சந்தனம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

கல்யாணமாகிப் போனேன். ஒரே மாவட்டம்தான். ஆனால் பெரியபாளையத்தில் இறங்கி, பஸ் மாறி, இடுப்பில் குழந்தையோடு போய் வருவதற்குள் பேஜாராகிவிடும். தம்பி போனில் எல்லாம் சொல்வான். நல்ல ப்ராசசர் மாற்றினான். கிராபிக்ஸ் கார்டு வாங்கினான், நாங்கள் அன்றைக்கு எடுத்த பவர் சப்ளை அதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கியது.

"பறக்குதாடா?"

"பறக்குதுக்கா. பெரிய கேம்னா மட்டும் சிக்கிச் சிக்கி நிக்கிது. மெமரி பத்தல."

"வாங்கிப் போடேன்டா லூசு."

"அது உன்துக்கா," என்றான்.

அவனுடைய கம்பெனி சிநேகிதர்கள் கேலி செய்வார்களாம். இத்தனை பெரிய கார்டைப் போட்டுவிட்டு யாராவது ஒரு ராமுக்காக அல்லாடுவார்களா என்று. இவன் அசையவில்லை.

பிறகு அவனுக்கும் கல்யாணம் முடிவானது. "அந்த கம்ப்யூட்டர் கீற மூலைய ஒழிச்சிட்டு வர்ற பொண்ணுக்குக் கண்ணாடி மேஜை போடணும்," என்று அம்மா போனில் சொன்னார். எனக்குப் பகீரென்றது. இனி தள்ளிப்போட்டால் என் பங்கு என்பதே இல்லாமல் போய்விடும். பழைய ராமுக்கு ஜோடியாக, அதே வேகத்தில் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெட்டியைத் திறந்து, கிளிப்பை விரித்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. பட்டனைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பாகவே நிற்கிறது. கழற்றி மறுபடி போட்டோம். அதே கருப்பு. இத்தனை வருஷம் இவன் காத்திருந்ததெல்லாம் வீணா?

தம்பி செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தான். "க்கா, இங்க பாரு. அம்மா வச்ச சந்தனம்." ஸ்லாட்டின் அடியில், பின்களின் நடுவே, மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. கம்பெனியில் பேனல் போர்டு துடைக்கிற ஸ்ப்ரே அவனிடம் இருந்தது. அதை அடித்து அடித்து, புது டூத் பிரஷ்ஷால் பதமாகத் தேய்த்தோம். அம்மா கதவோரம் நின்று, "சாமி காரியம்னு பண்ணேன், கெடுதலா போச்சா?" என்று முனகிக்கொண்டிருந்தார். நன்றாகக் காயவிட்டு மறுபடி போட்டேன். திரை வந்தது. ராம் இரட்டிப்பாகக் காட்டியது. "வந்துச்சிடா!" என்று நான் கத்தின கத்தலில் தூங்கின குழந்தை எழுந்துகொண்டது.

பிறகு பழையபடி ஒரே கீபோர்டில் ரேஸ் ஓட்டினோம். இடித்தான். நானும் இடித்தேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தை நடுவில் தூங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆனால் பஸ் ஸ்டாண்டு நெருங்க நெருங்க என்னவோ செய்தது. சிரிப்பாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன், சிரிப்பாக வரவில்லை.

"எல்லாம் ரொம்பிடுச்சிடா. இனிமே எனக்கு உங்க ஊட்டுல இன்னா வேலை?"

அவன் வண்டியை ஸ்டாண்டுக்குள் ஓரமாக நிறுத்தினான். பஸ் வந்தது. குழந்தையோடு நான் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு, கையிலிருந்த பையை உள்ளே நீட்டிக்கொண்டே சொன்னான்.

"அடுத்த போர்டு நாலு ஸ்லாட் கீறதா வாங்கறேன்க்கா. நான் ஒன்னுதான் போடுவேன்."