பரவாயில்லைக்கு மூன்று

பணிமனையில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியும் ஒரு கண்ணாடி கூட உடைக்காதவர் என்பதால் சகாக்கள் வைத்த பெயர் அது. வீட்டில் மனைவி அதே பெயரைச் சொன்னால் அர்த்தம் வேறு. ஒரு பதிலை வாங்க அரை நாள் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

எட்டு மாதத்துக்கு முன் வந்த வைரஸ் காய்ச்சல் ஐந்தே நாளில் போய்விட்டது. ஆனால் மூட்டு வலி போகவில்லை. காலையில் எழுந்தால் யாரோ அடித்துப் போட்டது போல உடம்பு கிடக்கும். எடுத்த பரிசோதனை எல்லாம் சுத்தமாக வந்ததால், ஆளைப் பார்த்து யாரும் நோயாளி என்று நம்பவில்லை. அவரைப் பேருந்திலிருந்து இறக்கி, வாசலில் வண்டி எண் எழுதும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். போகிற வருகிறவனெல்லாம், "என்ன மாமா, ஓய்வு எப்படிப் போகுது?" என்று கேட்டு அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான்.

பெரிய மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்கு ஆள் சேர்த்தார்கள். கத்தியும் கிடையாது, ஊசியும் கிடையாது. தலையில் ஒரு தொப்பி, அதற்குள் ஈரப் பஞ்சு இரண்டு, அவற்றின் வழியே மெல்லிய மின்சாரம், இருபது நிமிடம். காய்ச்சல் போன பிறகும் மூளை, வலிக்கான மணியை அடித்துக்கொண்டே இருக்கிறது, அதைக் கொஞ்சம் அடக்கிப் பார்க்கிறோம் என்றார் மருத்துவர். சிலருக்கு நிஜ மின்சாரம், சிலருக்குப் பேருக்குத் தொப்பி மட்டும். யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். மொத்தம் பத்து முறை.

தொப்பி மாட்டும் பெண் ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு கேள்வி கேட்பாள்.

"அண்ணே, வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லைம்மா."

விரல் கதவிடுக்கில் நசுங்கினாலும் பரவாயில்லை என்று சொல்லி வளர்ந்த மனிதர். அவர் சொன்னது, 'நீ கேட்டதே போதும், என்னைப் பற்றிக் கவலைப்படாதே' என்பது. அவள் காதில் விழுந்ததோ, 'முன்னைக்குத் தேவலை' என்பது. பூஜ்யம் முதல் பத்து வரை இருந்த கட்டத்தில் அவள் மூன்றைச் சுழித்தாள். தாளுக்கு எண் மட்டும்தானே தெரியும்! இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நான்காவது முறை அந்த மூன்றை அவர் எட்டிப் பார்த்துவிட்டார். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. மூன்று என்று பணிமனைக்கு அறிக்கை போனால் பேருந்து திரும்பக் கிடைக்கும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது.

உண்மையில் ஒன்பதாக இருந்த வலி, தொப்பிக்குப் பிறகு ஏழுக்கு இறங்கியிருக்கலாம். மூன்றாகவில்லை.

பத்தாவது முறை முடிந்து அறிக்கை பணிமனைக்குப் போனது. திங்கட்கிழமை காலை, பரிசோதகரோடு ஒரு நடை ஓட்ட வேண்டும், அதில் தேறினால் பழைய தடம் அவருக்கே என்று உத்தரவு வந்தது. அறிக்கையின் நகலை மனைவி படித்தாள்.

"மூணா? இன்னிக்குக் காலைல உங்க சட்டைப் பொத்தானை யாருங்க போட்டது?"

"சத்தம் போடாதே."

"பஸ்ல அறுபது பேர் ஏறுவாங்க. நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"சொன்னா மறுபடி அந்த நாற்காலிதான். அதுல உக்காந்தே செத்துடுவேன்."

திங்கட்கிழமை காலையும் அவள்தான் பொத்தானைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

முதல் ஒன்பது நிறுத்தம் வரை வண்டி வெண்ணெயாகப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த பரிசோதகர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். பத்தாவது நிறுத்தம் தாண்டியதும் கண்ணுக்குள் மணல் விழுந்தது போல ஒரு சோர்வு. தோள் கனத்தது. கணுக்காலில் நெருப்பு பிடித்தது. இன்னும் ஆறு நிறுத்தம்தான், இழுத்துப் பிடித்துவிடலாம் என்று பல்லைக் கடித்தார். பாலத்து இறக்கத்தில், கைவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலைக்கு வந்தாள்.

அவர் பார்த்துவிட்டார். கால்தான் போகவில்லை. போ போ என்று உள்ளே அலறியும் அது ஒரு கணம் வலியோடு மல்லுக்கு நின்றது. பிறகுதான் பிரேக்கில் விழுந்தது. பேருந்து குலுங்கி, கைவண்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். பேருந்துக்குள் யாரோ கை தட்டினார்கள்.

"என்னா பிரேக்குங்க! சும்மாவா நிதானம்னு பேர் வெச்சாங்க?" என்றார் பரிசோதகர். "நீங்க பாஸ். போலாம், எடுங்க."

யாருக்கும் தெரியவில்லை. அவர் வாயைத் திறக்காவிட்டால் இனி எப்போதும் தெரியாது. கைவண்டிக்குள்ளிருந்த குழந்தை செருப்பில்லாத ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் எஞ்சினை அணைத்தார்.

"என் கால் லேட்டா போச்சு சார். எழுதிக்கோங்க."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இத எழுதினா அப்புறம் இந்த சீட் உங்களுக்கு இல்ல."

"எழுதுங்க சார்."

பயணிகளை இறக்கி அடுத்த பேருந்தில் ஏற்றினார்கள். ஓட்டத் தெரியாதவனை எல்லாம் ஏன் அனுப்புகிறார்கள் என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு ஏறினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்காத சொல். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்தார். தொப்பி மாட்டும் பெண்தான் எடுத்தாள்.

"அண்ணே, சொல்லுங்க. எப்படி இருக்கீங்க?"

"வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது." எதிரே நின்றவர்கள் பார்ப்பது தெரிந்தும் அவர் நனைந்த முகத்தைத் துடைக்கவில்லை.

"ஐயோ, எத்தனை நாளாண்ணே?"

"நீ மொதல் தடவை கேட்டியே, அன்னிக்கே."