படத்தில் இல்லாத தங்கை

சிந்தாமணிக்கு எழுபத்தொரு வயது. ஜெயங்கொண்டத்தில் முந்திரிக்கொட்டை உடைத்தே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவள். முந்திரி எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். எவருக்கும் பயப்பட மாட்டாள், யாரோடும் நியாயம் பேசுவாள். ஆனால் அக்கா தனத்தின் பேச்சை எடுத்தால் போதும், வயிறு எரியும்.

காரணம் ஒரு போட்டோ. ஐம்பத்தொன்பதில் எடுத்தது. நாற்காலியில் அம்மா, பக்கத்தில் அப்பா, நடுவில் எட்டு வயது தனம். அம்மாவின் காசுமாலை அவள் கழுத்தில், அப்பாவின் கை அவள் தோளில். ஐந்து வயதுச் சிந்தாமணி படத்திலேயே இல்லை. வீட்டில்தான் இருந்தாள், அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அன்று அழுதவள் அப்புறம் அந்தப் படத்தை ஜாதகம்போலப் பார்த்துப் பார்த்துப் பலன் சொல்லிக்கொண்டாள். காசுமாலை என்றால் செல்லம், தோளில் கை என்றால் பாசம். அக்காவுக்கு வாத்தியார் மாப்பிள்ளை வாய்த்ததும் தனக்குக் குடிகாரன் வாய்த்ததும்கூட அந்தப் படத்தின்படி நடந்ததுதான் என்பாள்.

போன தையில் ஆண்டிமடத்தில் தனத்தின் மகன் மணிமாறன் புதுவீடு குடிபோனான். கூடத்துச் சுவரில் அதே படம், பெரிதாக்கி மாட்டியிருந்தது. சாப்பிட்டுக் கைகழுவி வந்த சிந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. நேரே அக்காவிடம் போனாள்.

"ஏன்க்கா, நான் என்ன தவுட்டுக்கு வாங்கின புள்ளையா? என்னையும் பக்கத்துல நிக்க வச்சா படம் கெட்டுப் போயிருக்குமா?"

தனம் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"எனக்கு அப்ப விஷக்காய்ச்சல். டாக்டரு கைய விரிச்சிட்டாரு. மொகமாச்சும் மிஞ்சட்டும்னு போட்டோக்காரர வூட்டுக்கே கூட்டியாந்தாங்க. நிக்க முடியலன்னுதான் அப்பா தோளப் புடிச்சிக்கிட்டாரு."

"அதுக்கு என்னைய ஏன் அடைச்சாங்க?"

"சின்னப் புள்ளையப் போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்னு நம்புன காலம்டி அது. 'போறது போவட்டும், இருக்கறதாச்சும் நெலைக்கட்டும்'னு அம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. உன்னையக் காப்பாத்தத்தான் ஒளிச்சு வச்சாங்க. நான் பொழைச்சிட்டேன். ஆனா அன்னையிலேருந்து உன்னையப் பாத்தா எனக்குத்தான் எரியும்."

சிந்தாமணி படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பொத்திவைத்தது தன்னைத்தான். நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்வானேன், அக்காவை ஜெயித்துவிட்ட சந்தோஷம்தான் அது. முகத்தில் அது தெரிந்துவிட்டது. தனம் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

போகட்டும் என்று பெற்றவளே கைவிட்ட ஒரு பிள்ளையைத்தான் ஜெயித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் சிந்தாமணிக்கு உறைத்தது.